பொப்கோர்ன் பொரித்து ஒரு மனுசனை மறித்த கதை

சோளம் பொரித்து விற்கிற தொழிலில் வாசத்துக்கு முதலில் ஆள் வரும். காசு வருவது அதற்குப் பிறகு, வந்தால். வீட்டில் கேக் அடித்து விற்கிறவர்கள், தொதல் கிண்டி விற்கிறவர்கள், இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுகிறவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது விளங்கும். ருசி பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் வாங்கியிருந்தால் நாமெல்லாம் மாடி வீடு கட்டியிருப்போம்.

நான் இதைத் தொடங்கியது மாடி வீட்டுக்காக அல்ல. என் வீட்டுக்காரர் யோகன் கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். கலியாணம் முடித்து ஒரே வீட்டில் இருந்து சண்டை பிடித்த நாட்களைவிட, ஃபோனில் சமாதானமாகப் பேசிய நாட்கள்தான் எங்களுக்கு அதிகம். எனக்கு அந்தச் சமாதானம் அலுத்துவிட்டது. அடுத்த லீவில் வந்தால் திரும்பிப் போகக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவரும் ஒரு வாக்குத் தந்தார். "மாசா மாசம் எடுக்கிற கடை ஓடர் ஒண்டு பிடிச்சுக் காட்டு வசந்தி, நான் நிக்கிறன். இல்லாட்டி திரும்பவும் பிளேன் ஏறுறன்." எங்கள் ஊர் கிரானில், வீட்டுக் குசினியில், ஒரு காஸ் அடுப்பும் ஒரு தாச்சிச் சட்டியுமாக, அந்த வாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் பொரிக்கத் தொடங்கினேன்.

மூடியைத் திறந்த மாமி

பொப்கோர்ன் பொரிக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும், என் மாமியைத் தவிர. யோகனின் அம்மாவான அவவுக்கு, அடுப்பில் ஏறிய எதையும் ஒரு தடவை திறந்து கிண்டிப் பார்க்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. முதல் நாள் நான் உப்பு எடுக்கத் திரும்பினேன். தாச்சிக்குள் படபடவென்று சத்தம் உச்சத்தில் இருந்த நேரம் பார்த்து மாமி மூடியைத் தூக்கிவிட்டா.

பிறகு நடந்ததை வீடியோ கோலில் கட்டாரிலிருந்து யோகனும் பார்த்தார். சீனிப் போத்தலில் ஃபோனைச் சாத்தி வைத்திருந்தேன். மாமியின் கொண்டையில் நாலைந்து, மீன் குழம்புச் சட்டிக்குள் ஒரு கைப்பிடி, மிச்சம் முற்றத்தில் கோழிகளுக்கு. யோகன் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. "அப்ப நான் திரும்பிப் போற டிக்கெட்டையும் சேத்தே போடட்டா?" என்று என்னை வேறு சீண்டினார். மாமி மட்டும் சிரிக்கவில்லை. தலையைத் தட்டிக்கொண்டு என்னைத்தான் ஏசினா.

"இவ்வளவு கோவக்காரச் சாமானுக்கு ஏன் புள்ள மூடி மட்டும் போட்ட, பூட்டும் போட்டிருக்கலாமே!"

ரோசம் இல்லாத அடுப்பு

அடுத்த வீட்டு வளவுத் தம்பிராசா மாமா, காட்டை வெட்டின சேனையில் சோளம் போடுகிறவர். நான் கடையில் சோளம் வாங்கிப் பொரிக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. வெளிநாட்டுச் சோளத்துக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று கேட்டபடி ஒரு உரப்பை நிறையக் கொண்டுவந்து குசினி வாசலில் இறக்கினார். பொரிக்கிற சோளம் வேறு இனம், அதன் தோல் வேறு மாதிரி என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கிற ஆள் இல்லை. பொரித்துக் காட்டு என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

காட்டினேன். குசினி முழுக்கப் புகை. மாமி இருமிக்கொண்டு வெளியே ஓடினா. கரிந்த சோளத்துக்கு நடுவில் ஒன்றே ஒன்று மட்டும், இவருக்காக மனம் இரங்கினதுபோல், பாதி வாய் திறந்திருந்தது. மாமா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிப் பார்த்தார். தோல்வியை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"பாத்தியா, என்ட சோளன்ல ஒரு குறையும் இல்ல, உன்ட அடுப்புக்குத்தான் ரோசம் காணா."

களுதாவளையில் மாசி மணம்

வெறும் உப்புப் போட்டு விற்றால் பிள்ளைகள் மட்டும்தான் வாங்குவார்கள். பெரியவர்களைப் பிடிக்க வேண்டும் என்றால் உறைப்புக்குக் கொச்சிக்காய்த்தூளும் பொரித்த கறிவேப்பிலையும் வேண்டும். அதைவிட ஒரு படி மேலே, மாசிக் கருவாட்டை இடித்துத் தூளாக்கி, உப்பும் புளிப்புக்குக் காய்ந்த தேசிக்காய்த் தூளும் கலந்து சூட்டோடு பிரட்டி எடுத்தால், ஒரு பாக்கெட்டுக்கு வந்தவர் மூன்று பாக்கெட்டோடு போவார். கிரானில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த மாசிப் பொப்கோர்ன்தான்.

களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் போனபோது மிகவும் கவனமாக இருந்தேன். மாசி ஒரு தூள்கூடக் கொண்டுபோகவில்லை. எல்லாம் சுத்த சைவம். ஆனால் மாசிப் பொப்கோர்ன் பிரட்டுகிற அதே பெரிய வாளியில்தான் எல்லாவற்றையும் கொட்டிக் கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திறந்ததும் நான் கோயில் வீதியில் கருவாட்டுக் கடை விரித்ததுபோல் ஆகிவிட்டது. எனக்கு அந்த மணம் பழகிப்போனதால் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் கச்சான் கடலை வறுத்து விற்ற புவனேஸ் அக்கா தன் சுளகைத் தூக்கிவந்து என் வாளிக்கு மேல் கவிழ்த்தா. அன்றைக்கு முழுக்க அவவுக்குக் கச்சானைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, கொண்டுபோனதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். அவ என் காதுக்குள் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான்.

"விரதகாரங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிருவாங்க புள்ள, அவ்வளவு நீள மூக்கோட உள்ளுக்க இருக்கிறவர் பாவம், என்ன செய்வார்?"

ஒழுகிய கூரை

மாரி மழையில் குசினி ஓடு ஒன்று நகர்ந்து, சொட்டுச் சொட்டாக நேரே சோளப் போத்தலுக்குள் ஒழுகியிருக்கிறது. மூடியைச் சரியாகத் திருகாதது மாமி என்று நானும், நான் என்று மாமியும் சொன்னோம். எப்படியும் பழுதாகிவிட்டது என்று போத்தலை இறுக மூடி ஒரு மூலையில் வைத்துவிட்டேன். சில நாள் கழித்து, எறிவதற்கு முன் ஒரு கை போட்டுப் பார்ப்போமே என்று போட்டால், மூடியே மேலே எழும்புகிறது. அவ்வளவு பெரிதாக, ஒன்று தவறாமல் மலர்ந்த பொப்கோர்னை நான் அதுவரை கண்டதில்லை. பிறகுதான் ஃபோனில் தேடிப் படித்தேன்: சோளத்துக்குள் இருக்கிற ஈரம்தான் ஆவியாகித் தோலை உடைக்கிறதாம். ஈரம் இல்லாவிட்டால் பொரியாதாம். இதை மாமிக்கு விளக்கமாகச் சொன்னேன். மாமி கூரையை அண்ணாந்து பார்த்தா.

"அப்ப ஓடு மாத்த வேணாம் புள்ள, சோளன அதுக்குக் கீழயே வெச்சிரு."

கண்ணை மூடின காக்கா

யோகன் வயலில் வெள்ளாமை வெட்டுக்கு லீவில் வந்து இறங்கினார். கடை ஓடர் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஓட்டமாவடியில் நான் சோளம் வாங்குகிற கடைக்காரர், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற லெத்தீப் காக்காவிடம் வாய் விட்டுக் கேட்டே விட்டேன். அவர் யோசித்தார். மகளின் கலியாணத்துக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க வட்டிலப்ப ருசியில் பொப்கோர்ன் செய்து தர முடியுமா என்று கேட்டார். நன்றாக இருந்தால் மாசா மாசம் தன் இரண்டு கடைக்கும் எடுப்பதாகச் சொன்னார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் அடித்து அவிக்கிற வட்டிலப்பத்தை நான் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, சோளத்தில் ஒட்டிப் பார்த்ததில்லை.

தேங்காய்ப்பால் ஊற்றினேன், நமத்துப் போனது. கருப்பட்டிப் பாகைக் கூடுதலாகக் காய்ச்சினேன், கல்லாகி மாமியின் கட்டுப்பல் ஆட்டம் கண்டது. கடைசியில் தேங்காய் எண்ணெயில் பொரித்து, இளம் பாகில் ஏலக்காயும் கொஞ்சம் சாதிக்காயும் போட்டுப் பிரட்டி, வறுத்த கஜு முந்திரியை உடைத்துத் தூவினேன். அதைத்தான் காக்காவிடம் கொண்டுபோனேன். கல்லாவில் இருந்தபடியே ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். இன்னொன்று போட்டார். பிறகு கண்ணைத் திறந்து, கடைக்குப் பின்பக்கம் வீட்டு வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, வட்டிலப்பத்த விட இது நல்லாரிக்கி, ஆனா இப்பிடி நான் சொன்னனெண்டு எண்ட பொண்டாட்டிக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

விதைநெல் பக்குவம்

கலியாணத்துக்குத் தேவையான சோளத்தை மூட்டையாக வாங்கி வைத்துவிட்டு, மாங்கேணிக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் யோகன் வாசலிலேயே நிற்கிறார், முகமெல்லாம் பல். எனக்கு உதவி செய்திருக்கிறாராம். முற்றத்தில் படங்கு விரித்து விதைநெல் காய்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு படங்கு. அதில் என் சோளம் முழுவதும், நல்ல வெயிலில். கடையில் வாங்கியது கொஞ்சம் ஈரலிப்பாக இருந்ததாம். பல்லில் கடித்தால் 'டக்' என்று கேட்கிற வரைக்கும் துழாவித் துழாவிக் காயவைத்தாராம். கிரானில் பிறந்த மனுசனுக்குத் தானியம் என்றால் காய வேண்டும், அவ்வளவுதான்.

ஓடிப்போய் ஒரு கை பொரித்தேன். ஒன்றிரண்டு மட்டும் முக்கி முனகி வெடித்தது. மற்றதெல்லாம் தாச்சியில் கல்லாக உருண்டது. கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. காக்காவின் கடையிலும் வேறு மூட்டை இல்லை. நான் குசினித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பாலைவனத்தில் லொறி ஓட்டப் போகிற டிக்கெட்டை இந்த மனுசன் என் முற்றத்திலேயே காயவைத்து எடுத்துவிட்டாரே என்று அழுதேன். போக ஆசைப்பட்டுத்தான் செய்தாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், அந்த நினைப்புத்தான் கூடுதலாகச் சுட்டது. யோகன் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"நல்லாத்தானே காஞ்சிருக்கு வசந்தி! இத வட்டை வயல்ல விதைச்சா ஒண்டு தவறாம முளைக்குமே!"

தாளம் போட்ட வீடு

அழுது முடிந்ததும் ஒழுகிய கூரை ஞாபகத்துக்கு வந்தது. ஊரில் மூடி இருக்கிற தகரப்பேணி எல்லாவற்றையும் இரவல் வாங்கினேன். பிஸ்கட் பேணி, பால்மாப் பேணி, யார் வீட்டிலிருந்தோ ஒரு மிக்சர் வாளி. ஒவ்வொன்றிலும் சோளத்தைப் போட்டு, கரண்டிக் கணக்கில் தண்ணீர் தெளித்து, இறுக மூடிக் குலுக்க வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் குலுக்க வேண்டும். எல்லா மணியிலும் ஈரம் ஒரே மாதிரி ஏறினால்தான் சரி.

மாமி தொலைக்காட்சி நாடகம் பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் குலுக்கினா. யோகன் முற்றத்தில் நடந்து நடந்து குலுக்கினார். நடுவில் நின்று தன் பக்க நியாயத்தைச் சொல்ல வந்தார். "இப்ப குலுக்குங்க, மறுகா பேசுங்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக இந்தச் சத்தம் கேட்டுப் பொறுக்காமல் தம்பிராசா மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் கையிலும் ஒரு பேணியைக் கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் குலுக்கினார்.

"பாட்டே இல்லாம தாளம் மட்டும் போடுற வீட்ட இண்டைக்குத்தான்டா பாக்கிறன்."

கட்டார் ஃபோன்

மூன்றாம் நாள் காலையில் யோகனுக்கு ஃபோன் வந்தது. டிக்கெட் போடுகிற தம்பி. இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும் என்கிறார். நான் அடுப்பில் ஒரு கை சோளம் போட்டு மூடிவிட்டு நின்றிருந்தேன். முந்தின நாள் வரைக்கும் பாதிதான் பொரிந்திருந்தது. தாச்சிக்குள் இன்னும் ஒரு சத்தமும் இல்லை. ஓடர் இன்னும் கையில் இல்லை. அவர் கேட்ட கடை ஓடரை நான் பிடித்துக் காட்டவில்லை. போகிறேன் என்று அவர் சொன்னால், நியாயப்படி எனக்குப் பேச வாயில்லை.

குசினி ஜன்னலால் பார்த்தேன். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பேணியைப் பிடித்தபடி யோகன் நின்றார். குலுக்குவதை அவர் நிறுத்தவே இல்லை. அந்தப் பக்கத்துத் தம்பிக்குச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது, அதனால் யோகன் உரத்துக் கத்தினார். அதைக் கேட்டு நான் மூடியில் வைத்த கையை எடுத்துவிட்டேன். அதே நேரம் தாச்சிக்குள் முதல் மணி வெடித்தது.

"இல்ல தம்பி, நான் ஏறல்ல! எங்கட சோளன் இன்னும் தண்ணி குடிச்சு முடியல்ல!"

இப்போது ஓட்டமாவடிக்கு மாசா மாசம் வட்டிலப்பப் பொப்கோர்ன் போகிறது, எங்கள் வீட்டில் தாச்சி மூடியைத் திறந்து பார்க்கிறவர்கள் இரண்டு பேராகிவிட்டார்கள், நானும் யோகனும் ஃபோன் இல்லாமலே நன்றாகச் சண்டை பிடிக்கிறோம்.