இரண்டாவது ஸ்டூலின் கால்வளையம்

எங்கள் பட்டறையில் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'உக்காருங்க'. உயரமான பார் ஸ்டூல்களை வடிவமைப்பது அவள் வேலை. இரும்பை வளைத்து வெல்டிங் வைப்பது என் வேலை. வீடோ ஹோட்டலோ, யார் ஆர்டர் கொடுத்தாலும் முதலில் "உக்காருங்க" என்பாள். மாதிரி ஸ்டூலில் உட்கார வைத்து, முழங்காலிலிருந்து பாதம் வரை டேப் பிடித்த பிறகுதான், கால் வைக்கிற வளையம் எந்த உயரத்தில் வரவேண்டும் என்று சொல்வாள். நாற்பது ஸ்டூல் கேட்ட காபிக்கடைக்காரரிடம்கூட, வாடிக்கையாளர்களில் நெட்டையாக ஒருவர், குட்டையாக ஒருவர் வந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்டூல் செய்கிறோமா, சட்டை தைக்கிறோமா என்று கேட்பேன்.

"கால் தொங்குச்சுன்னா மனுஷன் பத்து நிமிஷத்துல எழுந்து போயிடுவான்டா" என்பாள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டுக்குச் செய்தபோது மட்டும் அந்த முறையை விட்டுவிட்டாள். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கப்பலில் இன்ஜின் ஃபிட்டர். ஒரு கப்பலிலிருந்து இறங்கினால் அடுத்ததில் ஏறிவிடுவார்; வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். இந்தத் தடவை வருகிறேன் என்றார். இனிமேல் இங்கேயே இருப்பீர்களா என்று அக்கா கேட்டதற்கு 'பார்க்கலாம்' என்றாராம். அந்த ஒரு 'பார்க்கலாம்' போதும் என்று சமையலறையில் உயர மேடை கட்டி, எதிரெதிரே இரண்டு ஸ்டூல் போடச் சொன்னாள். மாமாவின் அளவு என்ன என்றேன். எனக்குத் தெரியாதா என்று முறைத்தாள். தினமும் போனில் பார்த்துத்தான் பேசினார்கள். போனில் முகம் தெரியும், கால் தெரியுமா?

மாமா வந்த அன்று நானும் இருந்தேன். ஏறி உட்கார்ந்தார். பாதத்துக்கும் வளையத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. அக்காவின் மனசுக்குள் மனிதர் அவ்வளவு உயரமாக வளர்ந்திருந்தார்.

"நான்தான் சுருங்கிட்டேன் போல" என்று சிரித்தார். அக்காவின் முகம் செத்துவிட்டது. அரைமணி நேர வேலை, வளையத்தை அறுத்து மேலே ஏற்றித் தருகிறேன் என்றேன்.

"இருக்கேன்னு சொல்லட்டும், ஏத்து" என்றாள். அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்த இருபது நாளும் கால் தொங்கத் தொங்க அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இருபத்தோராம் நாள் கப்பலேறிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இனி அது எதற்கு என்று அடுத்த வாரம் அந்த ஸ்டூலை எடுத்துவர நானே போனேன். கவிழ்த்தபோதுதான் பார்த்தோம். நாலு காலிலும் உள்பக்கமாக, வளையத்துக்கு நாலு விரற்கடை மேலே, மார்க்கரால் கோடு. ஒரு காலில் மாமாவின் கோணல் எழுத்து: 'என் கால் இங்கே.'

அக்கா அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதான் அளவு கிடைத்துவிட்டதே, சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஸ்டூலைத் தூக்கினேன். அவள் விடவில்லை.

"வேணாம்டா. ஆளை உக்கார வைக்காம ஒரு தடவை செஞ்சு பட்டது போதும். அவர் வரட்டும். உக்காரட்டும். அப்புறம் ஏத்து."

எடுத்த இடத்திலேயே வைத்தேன். எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரே தன் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். ஊரையே உட்காரச் சொல்கிறவள் என்னைச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன்.