மணி அடித்தால் மடங்கும் முட்டி

"…நான் எங்கக்கா குந்துறேன்? மணி சத்தம் கேட்டா முட்டி அதுவா மடங்குது. இன்னிக்கும் மடங்குச்சின்னா நான் இன்னா பண்றது?"

பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூட வாசல். நுழைவுச்சீட்டையும் ஸ்கேலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னிடம் இப்படிக் கேட்டவருக்கு வயது நாற்பத்து மூன்று. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வை இரண்டாம் முறையாக எழுத வந்திருந்தார். எங்களோடு வந்திருந்த இட்லிக்காரம்மாதான் பதில் சொன்னார்.

"மொதல்ல உள்ள போ நைனா. கேட்டு தெறந்துதான கீது? எவனாச்சும் வந்து போன்னு சொன்னாத்தான் போவியா?"

போனார். அவர் யாரும் சொல்லாமல் ஒரு வாசலைத் தாண்டமாட்டார் என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மிச்சத்தை ஊரார் கொண்டுவந்த விண்ணப்பங்களைப் படித்தே கற்றுக்கொண்டு, தனித்தேர்வராகப் பத்தும் பன்னிரண்டும் எழுதினேன். அந்தத் தைரியத்தில் மற்றவர்களுக்கும் தேர்வு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். ஒருநாள் இவர் வந்து கடை வாசலில் அரைமணி நேரம் நின்றார். மழைக்கு ஒதுங்கியவர் என்று நினைத்தேன். அன்று மழையே இல்லை. "உள்ளதான் வாயேன் தம்பி" என்றேன். அதற்காகவே காத்திருந்தவர் போல வந்து, மடித்த சான்றிதழ் ஒன்றை மேசையில் வைத்தார். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. படித்த இடம், சிறை.

பதினோரு வருடம் உள்ளே இருந்தவர். இப்போது தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ஆலையில் கம்பி ஏற்றுகிறார். பத்தாவது தேறினால் கிரேன் ஓட்டப் பழக்குகிறேன் என்று போர்மேன் சொல்லியிருக்கிறார்.

"கிரேன் மேல ஏறி குந்திக்கினேன்னு வையிக்கா, அப்பறம் எவனும் என்னைக் கீழ குந்துன்னு சொல்ல முடியாது பாரு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் கட்டணம் வாங்காமல் விண்ணப்பத்தை நிரப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்பக்கம் பாடம். கணக்கு நான் சொல்லிக்கொடுத்தேன் என்பது பெரிய வார்த்தை. விடைப் புத்தகத்தை நான் பிடித்துக்கொண்டேன், கணக்கை அவர் போட்டார். ஒரே சிக்கல், ஸ்டூலில் உட்கார்ந்தால் அவருக்குக் கணக்கு வராது. உள்ளே தரையில் குந்திப் படித்தவர். தரையில் விட்டால் கடகடவென்று போடுவார். தேர்வில் பெஞ்சுதான் என்று நான் விடாப்பிடியாக ஸ்டூலில் ஏற்றுவேன்.

முதல் முறை எல்லாப் பாடமும் தேறினார், கணக்கைத் தவிர. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு நீண்ட மணி அடிப்பார்களே, அது கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு பெஞ்சை விட்டு இறங்கித் தரையில் குந்திவிட்டார். சிறையில் சாயங்காலம் அந்த மாதிரி மணி அடித்தால், வரிசையாகக் குந்த வேண்டும், தலை எண்ணுவார்கள். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார். வரைபடக் கேள்வி போடாமலே போனது. இரண்டு மார்க்கில் கோட்டை விட்டார். போர்மேன், "இன்னொரு வாட்டி பாப்பேன், அதுக்கு மேல வேற ஆளை ஏத்திடுவேன்" என்றுவிட்டார்.

வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் இட்லிக்காரம்மா. ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டி போட்டிருப்பவர். அவரும் மூன்று வருடம் உள்ளே இருந்து வந்து, என்னிடம் எட்டாவதுக்குப் படிக்கிறார். ஏன் போனீர்கள் என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "நீ ஏன் எட்டாவதோட நின்னுக்கினன்னு நான் கேட்டனா?" என்றார். அதோடு சரி.

அவர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து என் கடையில் கட்டித் தொங்கவிட்டார். கணக்கு நடுவே திடீர் திடீரென்று அடிப்பார். இவர் குந்துவார். "எந்திரி நைனா, இங்க உன்ன எவனும் எண்ணல" என்பார். மறுபடி ஸ்டூல், மறுபடி மணி. எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிறு, இஸ்திரி போட்ட சட்டையும் கைக்கடிகாரமுமாக ஒரு கனவான் ஆதார் நகல் எடுக்க வந்தார். இட்லிக்காரம்மா அவரைப் பார்க்காமல் தண்டவாளத்தை அடித்துவிட்டார். இவர் ஸ்டூலிலேயே இருந்தார். கனவான் குந்திவிட்டார்.

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கனவான் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். நான் அந்த நகலுக்குக் காசு வாங்கவில்லை.

அன்றிலிருந்து இவர் எங்கள் மணிக்கு அசையவே இல்லை. ஆனால் பள்ளிக்கூட மணி வேறு மணியல்லவா?

அதனால்தான் அவர் தேர்வுக்கு உள்ளே போன பிறகும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றோம். தேர்வு அறை மதில் ஓரம். இட்லிக்காரம்மா, மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்த தள்ளுவண்டியை மதிலோடு ஒட்டி நிறுத்தி அதன் மேல் ஏறிக்கொண்டார். தேர்வு முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வாசலில் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் வந்தார்.

"இன்னாம்மா எட்டிப் பாக்கற? கீழ இறங்கு." என்று அவரை அதட்டிவிட்டு, "நீ யாரும்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ஜெராக்ஸ் கடை" என்றேன். தேர்வு நேரத்தில் சொல்லக்கூடாத பதில் உலகத்திலேயே அது ஒன்றுதான். அவர் முகம் மாறியது.

"சார், எங்களாண்ட பிட்டு இல்ல, இட்லிதான் கீது" என்று இட்லிக்காரம்மா மேலிருந்தபடியே நாலு இட்லியைத் தட்டில் வைத்து நீட்டினார். கான்ஸ்டபிள் நின்றபடி தின்ன ஆரம்பித்தார். மூன்றாவது இட்லியில் நீண்ட மணி அடித்தது.

"இன்னா பண்றாரு?" என்றேன்.

இட்லிக்காரம்மா மதிலுக்கு மேல் இன்னும் எக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "தலையக் காணோம்" என்றார்.

கிரேன், போர்மேன், அத்தனை ஞாயிறு, எல்லாம் போச்சு. கான்ஸ்டபிளைப் பார்க்காமல் நானும் வண்டியில் ஏறினேன்.

பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. டீச்சர் கையில் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து பாதியில் நின்றிருந்தார். அவர் காலடியில் இவர் குந்தியிருந்தார். விடைத்தாளையும் கூடவே கீழே இறக்கி, தரையில் விரித்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, வரைபடத்துக்குக் கடகடவென்று கோடு போட்டுக்கொண்டிருந்தார்.