கண்டி வீதிக்காகக் கட்டிய கம்பிவலை

போன கோடையில் எங்கள் வீதிக்குக் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு வீடு தப்பாமல் எல்லாக் கதவுகளுக்குள்ளும் போட்டிருந்தார்கள். வீதியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். மூன்று நாட்களுக்குச் சிறு கற்கள் சில தாரில் ஒட்டாமல் கிடக்கக்கூடுமாம். மெதுவாக ஓட்டுங்கள், ஏற்படப்போகும் இடைஞ்சலுக்கு முன்கூட்டியே வருந்துகிறோம் என்று முடித்திருந்தார்கள். நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். முப்பத்தொரு வருடம் வீதித் திணைக்களத்தில் வேலை செய்தவன் நான். வன்னியில் நான் நின்று கிரவல் கொட்டுவித்த வீதிகளை ஒன்றோடொன்று பொருத்தினால் லண்டனின் இந்தத் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஸ்கொட்லாந்துக்குப் போய்விடலாம். அவற்றில் ஒரு கல்லுக்காகக்கூட நான் எவரிடமும் வருத்தம் தெரிவித்ததில்லை. கல்லாவது வந்ததே என்று சனம்தான் எனக்கு இளநீர் வெட்டித் தந்தது.

எதிர்வீட்டு டெனிஸ் அந்தக் கடிதத்தை என்னைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டார். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று பின்னேரமே தன்னுடைய காருக்கு உறை போட்டுவிட்டு வந்து, எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும், வாகனத்தின் பின்னால் கட்டி இழுக்கிற சில்லு வீடான கரவனைக் காட்டி, உங்களுக்குக் கவலையே இல்லை, உலகத்தில் உள்ள கல் முழுவதும் வந்தாலும் அது தாங்கும் என்றார். பகிடியாகத்தான் சொன்னார். முன் ஜன்னல்கள் மூன்றுக்கும் கம்பிவலை, வயிற்றுக்கு அலுமினியத் தகடு, இழுவைக் கம்பியின் மேலே சரித்துக் கட்டிய நைலோன் வலை என்று அது நின்ற கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் பகிடி வரும்.

அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சமாதான காலத்தில், இலங்கையின் வடக்குக்குப் போகிற, சண்டையால் மூடிக் கிடந்த கண்டி வீதி திறந்ததும், லண்டனில் இருந்த அரைவாசிப் பேரைப் போல நானும் மனைவி யோகமும் ஊருக்குப் போனோம். வவுனியாவிலிருந்து ஒரு வான். இரண்டு பக்கமும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள், கண்ணிவெடி என்று மூன்று மொழியிலும். வானில் இருந்தவர்கள் எல்லோரும் அவற்றைப் பார்த்தார்கள். நான் வீதியைப் பார்த்தேன். தார் போய், அடிக்கல் கிளம்பி, இடையிடையே கிரவல் கொட்டி, அதையும் ஒழுங்காக உருட்டாமல் விட்டிருந்தார்கள். முன்னால் போன லொறி எறிந்த கல் ஒன்று எங்கள் கண்ணாடியில் நட்சத்திரம் போட்டது. சாரதி வானொலிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தான். அது அந்த மாதத்தில் மூன்றாவது நட்சத்திரம் என்றான்.

மல்லாகம் வரைக்கும்தான் போகலாம். அதற்கு அங்கால், கடலோரத்தில் இருந்த எங்கள் ஊர் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் போகும் வீதி, நானே அளந்து தார் போட்ட வீதி, ஒரு முள்ளுக்கம்பி வேலியில் முட்டிக்கொண்டு நின்றது. காவலில் நின்ற சிப்பாய்க்கு என் மகனின் வயதும் இல்லை. நான் அடையாள அட்டை, காணி உறுதி, ஓய்வூதியப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து நீட்டினேன். நடைமுறை தெரிந்தவன் அல்லவா. அவன் ஒன்றையும் வாங்கவில்லை. வெயிலுக்குள் நிற்க வேண்டாம் என்று மட்டும் கையால் காட்டினான். வீட்டுக்குக் கூரை இல்லை, சுவர் நிற்கிறது என்று தம்பிராசா சொன்னார். தம்பிராசா வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக என்னோடு இருந்தவர். வேலிக்கு இந்தப் பக்கம் அவருக்கு இரண்டு பரப்புக் காணி இருந்தது.

லண்டனுக்குத் திரும்பி வரும் விமானத்தில்தான் யோசனை வந்தது. கூரையில்லாத வீட்டுக்குக் கூரையோடு போனால் என்ன? ஒரு கரவனை அனுப்புவது. தம்பிராசாவின் காணியில் அதை நிறுத்தி அதற்குள் இருப்பது. வேலி திறக்கும் அன்றைக்கே உருட்டிக்கொண்டு உள்ளே போய், எங்கள் கிணற்றடியில் நிறுத்திவிட்டு, பிறகு ஆறுதலாக வீட்டைக் கட்டுவது. எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. இன்னும் பத்து வருடம் இருந்தால் அதை அங்கே இருந்து முடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை. யோகத்துக்கு அந்த ஆசை இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, வாடகைக்கு ஒரு வீடு எடுத்து இருந்தால் என்ன?"

"எங்கட ஊரில நான் வாடகைக்கு இருக்கிறதோ?"

"இஞ்சை வாடகைக்குத்தானே இருக்கிறம். ஒண்டும் குறைஞ்சு போகேல்லயே."

பதில் இல்லாத இடத்தில் நான் வழக்கமாகப் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்குவேன். நிரந்தரமாக நாடு திரும்புவோருக்கான சுங்கப் படிவம், கப்பல் ஏற்றும் படிவம், ஓமந்தையில் இராணுவத்தின் சாவடிக்குக் கொடுக்க வேண்டியது, கொஞ்சத் தூரம் தள்ளி இயக்கத்தின் சாவடிக்குக் கொடுக்க வேண்டியது, எல்லாம் மூன்று மூன்று பிரதி. இங்கும் அங்கும் இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள் என்பதால் கரவனின் கதவு வீதியோரம் பார்த்தே திறக்கும் என்பதைக்கூடக் கணக்கில் எடுத்திருந்தேன். பழைய ஜீப் ஒன்றும் கைமாறிய கரவன் ஒன்றும் வாங்கினேன். மிச்சம் இருந்தது கல் மட்டும்.

கரவன் இழுப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. முன்னால் போகிற வாகனத்தின் கல் மட்டுமல்ல, உன்னுடைய ஜீப்பே உனக்கு எதிரி. அதன் பின் சில்லு கிளப்புகிற கல் பின்னால் வரும் கரவனின் நெற்றியில் மோதும். மோதி அங்கே நிற்காது. திரும்பிப் பறந்து வந்து ஜீப்பின் பின்கண்ணாடியை உடைக்கும். ஆகவே வலையை நிமிர்த்திக் கட்டினால் பிழை. சரித்துக் கட்ட வேண்டும், அப்போதுதான் கல் கீழே விழும். இறுக்கியும் கட்டக்கூடாது, தொய்வாக இருந்தால்தான் கல்லின் வேகத்தை அது விழுங்கும். ஜீப்புக்குப் பின்னால் அகலமான ரப்பர் மட்காட் போட வேண்டும், அது நிலத்திலும் முட்டக்கூடாது, சில்லிலும் முட்டக்கூடாது. பின்கண்ணாடிக்கு, வீட்டுத் தரகர்கள் 'விற்பனைக்கு' என்று எழுதி நடுகிற பிளாஸ்டிக் பலகையை அளவாக வெட்டி ஒட்டினேன். கரவனுக்குக் கீழே ஓடும் தண்ணீர்க் குழாய்க்கும் மின்வயருக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பழைய ஹோஸைப் பிளந்து சட்டை போட்டேன். இதையெல்லாம் நான் ஒரு கொப்பியில் படமாகக் கீறி, அளவு குறித்து வைத்திருந்தேன். வருத்தப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், அந்தக் கொப்பியை நிரப்பிய மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

டெனிஸ் ஒருநாள் வீதியைக் கடந்து வந்து எங்கள் முன்வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மிஸ்டர் நாதன், எங்கே போகப் போகிறீர்கள், டெவனா கோர்ன்வோலா என்று கேட்டார். வடக்கே என்றேன். ஸ்கொட்லாந்துக்கு நல்ல மோட்டர்வே இருக்கிறது, இவ்வளவும் தேவைப்படாது என்று அன்போடு விளங்கப்படுத்தினார். இந்த நாட்டு வீதிகளை நம்புங்கள், இங்கே வந்து இத்தனை வருடம் ஆகியும் பயப்படுகிறீர்களே என்று சொல்லிவிட்டு, தன்னிடமிருந்த வீதிப் புத்தகம் ஒன்றையும் கொண்டு வந்து தந்தார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். திருத்துவதென்றால் முதலில் இலங்கையின் வரைபடத்தை விரிக்க வேண்டும், பிறகு இருபது வருடத்தை விரிக்க வேண்டும். தேநீர் ஆறிவிடும்.

கம்பிவலைச் சட்டங்களை ஒட்டித் தந்தவர் சிறி. ஜெர்மனியில் பத்து வருடம் வெல்டிங் செய்துவிட்டு இங்கே வந்து குரொய்டன் பக்கம் கராஜ் வைத்திருக்கிறார். ஒவ்வொரு சட்டத்துக்கும் எட்டு நட்டு. நட்டுகளை அவர் சொன்ன அளவில் கடைக்குப் போய் வாங்கி வந்தவள் யோகம். வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்த சிறி தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, வடிவாத்தான் வந்திருக்கு. ஆனால் இது சுற்றுலாவுக்குப் போற சாமான் மாதிரித் தெரியேல்ல. சண்டைக்குப் போற மாதிரிக் கிடக்கு."

"சிறி, உமக்குக் கல்லைப் பற்றித் தெரியாது."

"ஓம் அண்ணை, கல்லைப் பற்றித் தெரியாது" என்று சொல்லிவிட்டு, சொல்ல வந்த மற்றதை விழுங்கிக்கொண்டு நட்டுச் சாவிகளைப் பெட்டிக்குள் போட்டார்.

அவர் விழுங்கியதைத் தம்பிராசா சொன்னார். கப்பலுக்கு நாள் எடுத்த கிழமை அவருக்குத் தொலைபேசி எடுத்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். முழுவதையும் கேட்டார். பழைய பழக்கம், நான் வேலை விபரம் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடமாட்டார்.

"சேர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"முன்னுக்குக் கம்பிவலை. அடியில தகடு. ஜீப்பின்ர பின்கண்ணாடியும் அடைப்பு. உள்ளுக்க ஆர் இருக்கினம் எண்டு வெளியால தெரியாது. அப்பிடித்தானே?"

"ஓம். கல்லுப் படாமல்."

"அது கண்டி றோட்டால வருது."

"ஓம்."

கொப்பியின் அடுத்த தாளைப் புரட்டினேன்.

"சேர், இஞ்சை கம்பிவலை போட்ட வண்டியைக் கண்டால் ஒருத்தரும் கல்லை யோசிக்க மாட்டினம். குண்டு எறிஞ்சால் தெறிக்கிறதுக்குத்தான் இஞ்சை வலை போடுறது. இந்தப் பக்கத்தார் உங்களை அந்தப் பக்கத்து ஆள் எண்டுவினம். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்து ஆள் எண்டுவினம். சாவடிக்குக் கிட்ட வர விடாயினம், சேர். தூரத்திலயே சுட்டுப்போடுவினம்."

"விளக்கக் கடிதம் வைச்சிருப்பன், தம்பிராசா. படத்தோட."

"கடிதம் வாசிக்கிறதுக்கு ஆள் கிட்ட வரோணுமே." அவர் கொஞ்சம் சிரித்தார். "கல்லுப் பட்டால் ஓட்டை விழும். விழட்டும். ஓட்டையோட வாங்கோ சேர்."

ரிசீவரை வைத்துவிட்டுக் கொப்பியை முதலிலிருந்து பார்த்தேன். அந்த வீதியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் லண்டனில் இல்லை என்று நினைத்திருந்தேன். எந்த மைலில் எந்தக் கிடங்கிலிருந்து வந்த கிரவல் என்று சொல்வேன். பறந்து வரப்போகும் கற்களில் பாதி நானே போட்டவை. ஆனால் அந்த வீதியில் ஆபத்து என்றால் கல் என்று நினைக்கும் அளவுக்கு நான் எப்போது மாறினேன்? வானில் எல்லோரும் மண்டையோட்டுப் பலகையைப் பார்த்தபோது நான் ஏன் உருட்டாத கிரவலைப் பார்த்தேன்? நான் ஊரை மறக்காதவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்கள் ஒருமுறை உங்கள் பயணப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்த ஆபத்துக்கு நீங்கள் அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

வலையைக் கழற்றினால் கரவன் நொறுங்கிப் போய்ச் சேரும். கழற்றாவிட்டால் போயே சேராது. இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டிய நேரத்தில் நான் என்ன செய்தேன் என்றால், விளக்கக் கடிதத்தை மூன்று மொழியில் எழுதத் தொடங்கினேன். கப்பல் நாளைத் தள்ளிப் போட்டேன். பிறகு இன்னொரு தரம் தள்ளிப் போட்டேன். வெயிலுக்குப் பிறகு மழை, மழைக்குப் பிறகு வீதி காயட்டும் என்று. சிங்களப் பிரதி ஒரு குறையும் இல்லாமல் தட்டச்சாகி வந்த கிழமை, சண்டை மறுபடி தொடங்கிக் கண்டி வீதியை மூடினார்கள். அதன் பிறகு ஒரேயொரு தரம் தம்பிராசாவோடு பேசக் கிடைத்தது. சீனி என்ன விலை, மண்ணெண்ணெய்க்கு எத்தனை மணித்தியாலம் நிற்க வேண்டும் என்று சொன்னார். கரவனைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த வருடம் எனக்கு எழுபத்துமூன்று. நின்ற இடத்திலேயே நின்றால் சில்லு பழுதாகிவிடும் என்று டெனிஸ் நச்சரித்தார். நோர்போக்கில் கடற்கரையோரம் கரவன்காரர் விடுமுறைக்குத் தங்கும் முகாம் ஒன்று இருக்கிறது, அதற்கு உள்ளே போகும் பாதை அரை மைல் வெறும் கல்லுப்பாதை, உங்களுக்கு என்றே செய்தது என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னார். போனோம். நானும் யோகமும்தான். பிரதான வீதியிலிருந்து திரும்பியதும் உண்மையாகவே கல்லுப்பாதை. நல்ல கல், நன்றாக உருட்டியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பக்கக் கண்ணாடியை வலை தெரியும்படி திருப்பினேன். வாசலில் ஒரு பலகை: ஐந்து மைல் வேகத்துக்கு மேல் ஓட வேண்டாம். ஐந்து மைல் வேகத்தில் எந்தக் கல்லும் எழும்பாது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி அரை மைலும் ஓடினேன். வலை அசையவே இல்லை. நான் கட்டியது வேலை செய்யுமா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

கரவனைக் கடலைப் பார்க்க நிறுத்தினோம். யோகம் உள்ளே தேநீர் போட்டாள். முன் ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு இருக்கைகள். அவள் தன்னுடைய பக்கத்தில் இருந்து வெளியே பார்த்தாள்.

"உந்த வலையைக் கழட்டுங்கோ. கடல் தெரியேல்ல."

நட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவளுடைய பக்கத்துச் சட்டத்தின் எட்டு நட்டையும் கழற்றினேன். நடுவில் இருந்ததையும் கழற்றினேன். என் பக்கத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. உள்ளே ஏறி வந்து, மற்றதுக்குச் சாவி பொருந்தேல்ல என்றேன்.

"எல்லாம் ஒரே அளவு நட்டு" என்றாள் யோகம். "நான்தானே வாங்கினனான்."

கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, தன்னுடைய பக்கம் போகாமல் என் பக்கத்தில் வந்து இருந்தாள். வலைக்கு அங்கால் கடல் சின்னச் சின்னச் சதுரமாகக் கிடந்தது.

"எங்கட கடலும் இப்ப வேலிக்குள்ளால பார்த்தால் இப்பிடித்தான் தெரியும், என்ன?"

ஓம் என்றேன். எதிரே அவளுடைய இருக்கை வெறுமையாக இருந்தது. அந்த ஜன்னலில் கடல் முழுதாகத் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கம் இருந்து தேநீரைக் குடித்தோம்.