தினம் ஒரு பக்கெட்

ஔந்தில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு மீன், நாலு பவளம். தொட்டி என் மகனுடையது. பார்த்துக்கொள்வது நான்.

வாரம் ஒருமுறை அந்தத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, அட்டை நிறத்தோடு ஒத்துப் பார்ப்பேன். மீன் கழிவு, மிச்சத் தீனியால் நைட்ரேட் ஏறினால் சிவக்கும். சிவந்தால், முந்தின நாளே உப்புக் கரைத்து வைத்து, நிறம் இறங்கும்வரை தினம் ஒரு பக்கெட் மட்டும் மாற்றுவேன். ஒன்றரை வருஷமாக ஒரு பவளமும் சாகவில்லை.

இன்று காலை நல்ல சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களுக்கு வேடிக்கை காட்ட இவன் அள்ளிப் போட்ட தீனி.

"மொத்தத் தண்ணியையும் மாத்திடறேன்."

"வேண்டாம்டா, பவளம் தாங்காது."

"இது கெமிஸ்ட்ரிம்மா. நீ அஞ்சாங்கிளாஸ்."

அப்போதே உப்பைக் கரைத்து ஊற்றினான். சாயங்காலம் மூன்று பவளம் வெளுத்துச் சுருங்கிவிட்டன.

பால்கனியில் நின்று மீன் கடைக்காரருக்குப் போன் போட்டான். ஹிந்தியில் சொன்னது வலைக்கதவு வழியே நன்றாகவே கேட்டது: "அம்மா படிக்காதவங்க. அவங்கதான் எல்லாத் தண்ணியையும் மாத்திட்டாங்க."

உள்ளே வந்து எனக்கே பாடம் எடுத்தான்.

"அம்மா, தினம் ஒரு பக்கெட்தான் மாத்தணுமாம். உப்பை முந்தின நாளே கரைக்கணுமாம். கடைக்காரர் சொல்றார்."

"சரிங்க சார்" என்றேன்.

மிச்சமிருக்கும் ஒரு பவளத்துக்காக இப்போதுதான் உப்புக் கரைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டில் எப்படி? நீங்கள் சொன்னது எந்தக் கடைக்காரர் வாயால் வந்தால் எடுபடுகிறது?