பதினொரு லிட்டர்

“இருபத்தஞ்சு லிட்டர் ஊத்துனா பதினாலு வருது. மிச்சம் எங்கலே?”

குற்றாலத்துப் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்த மாதமே ஐயா இப்படிக் கேட்டார். தேயிலை எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்லியை முளைகட்டி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கொதிக்கவிட்டு வீட்டிலேயே பீர் போடுவார். குடிப்பதற்கான பெர்மிட் அவரிடம் இருந்தது. போலீஸ் பயம் எனக்கு இருந்தது. பார்லியைத் திருகையில் உடைத்து ஊறவைப்பது என் வேலை. அடுப்பு சமையல்காரர் பரமசிவம் அண்ணாச்சியுடையது.

“ரெண்டு பேரும் ருசி பாத்தீகளோ?”

“இன்னும் புளிக்கவே இல்லையே ஐயா. இதக் குடிச்சா போதை வராது, வயிறுதான் போவும்,” என்றார் அண்ணாச்சி. ஐயா சிரிக்கவில்லை.

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த வேலை போனால் இலஞ்சியில் தேங்காய் உரிக்கப் போக வேண்டும். மனைவி அப்போது ஆறு மாதம். அடுத்த தடவையும் அளவுக்குச்சியில் பதினாலுதான் நின்றது. அண்ணாச்சி விறகெடுக்கப் போன நேரத்தில் அண்டாவில் பச்சைத்தண்ணீர் ஊற்றினேன். எண்ணித்தான் ஊற்றினேன், லிட்டர் செம்பால் பதினொரு செம்பு.

சாறு எவ்வளவு அடர்த்தி என்று ஐயா கிராவிட்டி பார்ப்பது பால் சொசைட்டியில் வைத்திருப்பது போன்ற லாக்டோமீட்டரில். முப்பத்தைந்து காட்ட வேண்டியது, பன்னிரண்டுக்கு முங்கியது.

“பால்காரன் வேலைய எங்கிட்டயே காட்டுதியா, பரமசிவம்?”

அடுப்பு அவருடையது என்பதால் அவரைக் கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் திருகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அவர் துணிப்பையோடு போய்விட்டார்.

அதன் பிறகுதான் சாறு வடித்த சக்கையை நிறுத்துப் பார்க்கத் தோன்றியது. ஐந்து கிலோ பார்லி, ஈரத்தோடு பத்து கிலோ. ஐந்து லிட்டரை அதுவே குடித்திருந்தது. வாயகன்ற அண்டா, விறகுத் தீ, ஒன்றரை மணி நேரக் கொதி. ஆறு லிட்டர் ஆவி. களவு எங்குமில்லை. அதே பதினொரு லிட்டரைச் சூடாக்கி, கொதிக்க வைக்குமுன் சக்கையின் மேல் விட்டு அலசியிருந்தால் ஒட்டியிருந்த இனிப்பும் இறங்கி, அளவும் கிராவிட்டியும் சரியாக வந்திருக்கும். சூட்டோடு மீட்டரைப் போட்டால் குறைத்துக் காட்டும் என்பதும் ஆறவைத்துப் பார்த்தபோது தெரிந்தது.

ஐயாவிடம் சக்கைக் கணக்கை மட்டும் சொன்னேன். “அப்படியா, இனிமே அப்படியே செய்யி,” என்றார். பரமசிவத்தின் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நான்கு வருடம் கழித்துத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். ஒரு கிளப்புக்கடையில் இட்லிக்கு மாவாட்டுவதாகச் சொன்னார். பிள்ளையை விசாரித்துவிட்டு, “எத்தன செம்புலே ஊத்துன?” என்றார்.

“நாலு, அண்ணாச்சி.”

“நாலா,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அளவு குறைந்தால் கையைக் கட்டிக்கொண்டு குறைந்தது என்று சொல்லுங்கள். திட்டு ஒரு நாளைக்கு. ஊற்றி நிரப்பியதை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.