குடும்பத்துக்கு ஒரு ஓட்டு

அலமுவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் என் தலையில் நானே நாலு குட்டு குட்டிக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். 1972 செப்டம்பரில் அவள் வீட்டில் மூன்று வாரம் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது, நிம்மதி மட்டும் இல்லை. அதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை, நான்தான்.

மாண்ட்ரியாலின் கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் அலமுவும் அவள் கணவர் மணிவாசகமும். அவர் பாலங்கள் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். அவர்களுக்குக் கீழே நானும் என் கணவர் ஜெயசங்கரும். அலமு மாயவரத்துக்காரி, வேதியியலில் எம்.எஸ்சி. 1968 ஜனவரியில் பட்டுப்புடவையும் ரப்பர் செருப்புமாக மாண்ட்ரியாலில் வந்து இறங்கியவள். தெருமுனையிலிருந்த 'தெப்பனேர்' என்கிற சில்லறைக் கடைக்காரியோடு அழுகின தக்காளிக்குச் சண்டை போட்டுப் போட்டே பிரெஞ்சு கற்றுக்கொண்டாள். ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "மனுஷங்க பொய் சொல்லுவாங்க அனு, பால் என்கிட்ட சொல்ல முடியாது" என்பாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வாயால் சொல்லிவிட்டால் செய்தே தீர வேண்டும். ஒரு பொங்கலுக்கு நாற்பது பேருக்கு வடை கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டாள். அன்று பஸ்கூட ஓடவில்லை. இரண்டு தூக்குவாளியோடு முழங்கால் பனியில் நடந்து வந்து சேர்ந்தாள், மூக்கு நுனி சிவந்து, வடை ஆறிப்போய். "உனக்கென்ன பைத்தியமா?" என்று நான் கத்தினேன். "சொல்லிட்டேனே" என்றாள். அவ்வளவுதான் பதில்.

அந்த வருஷம் நாடாளுமன்றத் தேர்தல் வரப்போகிறது என்ற நேரம். அதற்கு முன்னால் எங்கள் தொகுதியில் கட்சி சார்பாக யாரை நிறுத்துவது என்று கட்சி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். நம் ஊரில் வேட்பாளர் யார் என்று மேலிடம் சொல்லும், நாம் பேப்பரில் படித்துக்கொள்வோம். இங்கே நம்மைக் கேட்கிறார்கள் என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கோடையிலேயே எல்லோரும் உறுப்பினராகிவிட்டோம். படிவம் நிரப்பியது யார்? நான்தான். 'குடும்ப உறுப்பினர்' என்ற கட்டத்தில் எல்லா வீட்டுக்கும் அழகாக டிக் அடித்தேன். வீட்டுக்கு ஒரு உறுப்பினர் அட்டை வந்தது.

போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் வக்கீல் தெலோர்ம். இன்னொருவர் மதாம் லெக்லேர், எங்கள் தெருவிலேயே குடியிருந்த நர்ஸ்.

இங்கேதான் வந்தது வினை. மணிவாசகம் முதலில் வேலை பார்த்த கம்பெனி அறுபத்தொன்பதில் மூடிப்போயிற்று. நிரந்தரமாகத் தங்க அனுமதி இன்னும் வரவில்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று இருந்தபோது, பஸ் ஸ்டாப்பில் பழக்கமான இந்த வக்கீல்தான் கடிதம் மேல் கடிதம் எழுதி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அனுமதி வாங்கிக் கொடுத்தார். மதாம் லெக்லேர் செய்தது அதற்குக் குறைந்ததா? எழுபத்தொன்று மார்ச்சில் ஊரையே மூடிய அந்தப் பனிப்புயலில் அலமுவுக்கு வலி கண்டது. எந்த வண்டியும் வர வழியில்லை. அந்த அம்மாள் இடுப்பளவு பனியில் நீந்துகிற மாதிரி வந்து, அலமுவின் படுக்கையறையிலேயே பிரசவம் பார்த்தார். வெந்நீர் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். பிறந்த பெண்ணுக்கு ஹிமா என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே நாள். காலையில் பஸ்ஸில் வக்கீல், "உங்கள் வீட்டு ஓட்டு எனக்குத்தானே?" என்று மணிவாசகத்தைக் கேட்டிருக்கிறார். "அதில் என்ன சந்தேகம்!" என்று இவர் கை குலுக்கியிருக்கிறார். மத்தியானம் ஹிமாவைப் பார்க்க வந்த மதாம் லெக்லேருக்குக் காபி கொடுத்துவிட்டு, அலமு தானாகவே கையைப் பிடித்து, "எங்கள் வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டார்கள். பத்தாவது நிமிஷம் இரண்டு பேரும் என் வீட்டு வாசலில்.

"அனு, ஆளுக்கு ஒரு ஓட்டா போடலாம்தானே?" என்று கேட்டாள் அலமு.

நான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். இருபத்திரண்டு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு ஓட்டு என்று விதி எழுதியதே நான்தான். அந்தத் திமிரில் சொன்னேன்: "குடும்ப அட்டைன்னா குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. நம்ம சங்கத்துல எப்படி? அதே மாதிரிதான்."

"கட்சி ஆபீஸ்ல எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே?" என்றார் மணிவாசகம்.

"இதைப் போய்க் கேட்டா விவரம் கெட்டவங்கன்னு நினைக்க மாட்டாங்களா?" என்றேன்.

பாவி நான். அந்த ஒரு வாக்கியத்தோடு அவர்கள் வீட்டு நிம்மதியைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

முதல் வாரம் வாதம். "அவர் இல்லேன்னா நாம இந்த ஊர்லயே இல்ல." "அவங்க இல்லேன்னா நானே இல்லீங்க." இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? இரண்டாவது வாரம் வாதமும் நின்றது. "ஹிமா, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு." "ஹிமா, அம்மாகிட்ட மோர் கேளு." அந்தக் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயசு, 'பால்' என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. மூன்றாவது வாரம் அலமு இளைத்துப்போனாள். என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "வக்கீலுக்குப் போட்டா நான் நன்றி கெட்டவ. நர்ஸம்மாவுக்குப் போட்டா அவர் நன்றி கெட்டவர். எந்தப் பக்கம் போனாலும் எங்க வீட்டுல ஒருத்தர் நாளைக்குத் தெருவுல தலை குனிஞ்சுதான் நடக்கணும். அவர் தலை குனியறதை நான் எப்படிடி பார்ப்பேன்?" அவளுக்குக் காபி கலந்து கொடுத்தேன். ஆனாலும் விதி விதிதானே என்று உட்கார்ந்திருந்தேன், கல்லுளிமங்கி!

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாதா கோவிலின் கீழ்த்தள மண்டபத்தில். முந்நூறு பேர் இருக்கும். மேடையில் வக்கீல் இரண்டு பாஷையிலும் கையை வீசிப் பேசினார். மதாம் லெக்லேர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார், காகிதம் நடுங்கியது. பிறகு ஓட்டுச்சீட்டு வாங்க வரிசையில் நின்றோம். மணிவாசகமும் அலமுவும் எங்களுக்கு முன்னால், நடுவில் இன்னும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு.

திடீரென்று அலமு அந்த இடைவெளியைக் கடந்தாள். பதினொரு நாளைக்கப்புறம் நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஏங்க, வக்கீலுக்கே போடுங்க. நான் காலையிலேயே நர்ஸம்மாவுக்கு ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்டுட்டேன். அவங்க சிரிக்கிறாங்க. 'அன்னிக்கு அந்தப் பனியில நான் ஓட்டு கேட்டா வந்தேன்?'ங்கறாங்க."

மணிவாசகம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! நான் இப்பதான் வாசல்ல வக்கீலைப் பார்த்து, முடியாது, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வந்தேன். தோள்ல தட்டினார். 'வீட்டுல சமாதானம்தான்யா முக்கியம், நான் எத்தனை விவாகரத்து பார்த்தவன்'னார்."

"நீங்க சொன்னீங்களா? கொடுத்த வாக்கை?"

"நீ மட்டும்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள், பட்டியலில் இரண்டு பெயரை அடித்தாள், இரண்டு சீட்டைக் கிழித்து நீட்டினாள். ஒன்று 'மெஸ்யூ' மணிவாசகத்துக்கு, ஒன்று 'மதாம்' அலமுவுக்கு.

"ரெண்டா?" என்றாள் அலமு. பிரெஞ்சில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை கேட்டாள். அந்தப் பெண் ஏதோ குழந்தைக்குச் சொல்வது போல, ஆளுக்கு ஒன்று, எப்போதுமே அப்படித்தான் என்றாள்.

பிறகு அலமு திரும்பினாள், மெதுவாக. மணிவாசகமும் திரும்பினார். என் கணவரும் என்னைப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அலமு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். "மூணு வாரம்டி! மூணு வாரம் மனுஷர் ரசத்துல உப்பு இல்லைன்னுகூடச் சொல்லலைடி!" அப்பாடா! என் நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை எடுத்த மாதிரி இருந்தது. ஜெயசங்கர் தன் சீட்டைப் படக்கென்று வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓட்டுப் போடும் மறைப்புப் பக்கம் நடந்துவிட்டார். கல்யாணமாகி அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

அலமுவும் மணிவாசகமும் நேரே போகவில்லை. ஓரத்தில் கிடந்த மடக்கு நாற்காலிகளில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இப்ப என்னங்க பண்றது? ரெண்டு பேருகிட்டயும் முடியாதுன்னு சொல்லியாச்சே."

"இனிமேதான் யாருக்குப் போடலாம்னு யோசிக்கணும்" என்றார் மணிவாசகம்.

அது உண்மைதான். மூன்று வாரமும் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று பேசினார்களே தவிர, யார் நல்லவர், யார் வேலை செய்வார் என்று ஒரு தடவைகூடப் பேசவில்லை. இப்போதுதான் தலையோடு தலை சேர்த்து ஆரம்பித்தார்கள். "வக்கீல் நல்லாப் பேசறார், ஒட்டாவாவுல எடுபடும்." "உங்களுக்கு ஒருத்தருக்குச் செஞ்சார். தெரியாதவங்களுக்கும் செய்வாரா?" "அந்தம்மாவுக்கு எல்லா வீடும் தெரியும். ஆனா மேடையில கை நடுங்குதே." "எனக்குப் பிரசவம் பார்த்தப்ப நடுங்கலையே!" இருபது நிமிஷம் பேசினார்கள். பெட்டியை மூடப் போகிறோம் என்று கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனார்கள். வரும்போது மணிவாசகம் அவள் கோட்டைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

மதாம் லெக்லேர் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். தோற்ற வக்கீல்தான் அவர் கையைப் பிடித்து மேலே தூக்கினார்.

நான் சும்மா இருப்பேனா? மறுநாள் காலையிலேயே மேலே ஏறிப்போனேன். உள்ளே இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசும் சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. அதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அலமு காபி கொண்டுவந்து வைத்தாள்.

"சொல்லு, யாருக்குப் போட்டீங்க? நீ யாருக்கு, அவர் யாருக்கு?"

அவள் தன் காபியை ஆற்றிக்கொண்டே மணிவாசகத்தைப் பார்த்தாள். அவர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பது தெரிந்தது.

"குடும்ப ரகசியம் அனு" என்றாள். "அது குடும்பத்துக்கு ஒண்ணுதான். உங்க சங்க விதியில எழுதிக்கோ."