மூக்கு மூடிய நாட்கள்

கண்டக்டர் இந்திராணிக்கு ‘மூக்கம்மா’ என்ற பெயர் 2020 செப்டம்பரில் வந்தது. வைத்தவர் யார் என்பது தெரியவில்லை. நகரியிலிருந்து புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் காலை பஸ்ஸில் அவள் முன்படியிலிருந்து பின்சீட்டு வரை “மூக்கு! மூக்கு!” என்று சொல்லிக்கொண்டே போவாள். மாஸ்க்கை வாயோடு நிறுத்திக்கொண்டவர்கள் அவசரமாக மேலே இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அவள் தாண்டிப் போனதும் மாஸ்க் மெதுவாகக் கீழே இறங்கும்.

நான் புத்தூர் பஸ் நிலையத்தில் இருபத்தாறு வருடம் டைம் கீப்பராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஆறு மணிக்குத் தெற்கு பார்த்த கடைசி பெஞ்சுக்கு வந்துவிடுவேன். அங்கிருந்து நகரி மலை தெரியும். மல்லாந்து படுத்து உறங்கும் ஆளின் மூக்கைப் போல அதன் முனை நீண்டிருக்கும். பனிக்காலத்தில் மேகம் அந்த மூக்கை மூடிவிடும். பஸ் வந்த நேரம், போன நேரம், மழை, ஆறரை மணிக்கு மலையின் மூக்கு திறந்திருந்ததா மூடியிருந்ததா, எல்லாம் என் நோட்டில் இருக்கும். மாஸ்க் கட்டாயம் என்று ஆன பிறகு பயணிகளின் மூக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கினேன்.

முதல் நாள் எண்ணிக்கை இது. இந்திராணியின் பஸ்ஸில் ஐம்பத்து மூன்று பேர். மூக்கும் வாயும் மூடியவர்கள் பத்தொன்பது. வாய் மட்டும் மூடியவர்கள் பதினாறு. தாடையில் தொங்கவிட்டவர்கள் ஒன்பது. சட்டைப் பையில் வைத்திருந்தவர்கள் ஐந்து. ஒன்றுமே இல்லாதவர்கள் நான்கு.

அந்த நால்வரில் ஒருவர் வெற்றிலை வாயோடு வந்த முனிசாமி, நாராயணவனத்துப் பக்கத்து விவசாயி.

“மாட்டுக்குத்தாம்மா வாய்க்கூடை போடுவாங்க. நான் இன்னா எவன் வயல்லயாவது மேஞ்சனா?” என்றார்.

“மேய மாட்டேன்னு எழுதிக் குடு பெரியவரே, மாட்ட வாணாம்” என்றாள் இந்திராணி.

புதிதாக மூக்குக் குத்திக்கொண்ட நகரி தேவயானி மாஸ்க்கின் மேலேயே இன்னொரு மூக்குத்தியைச் செருகிக்கொண்டு ஏறினாள்.

“இன்னாமே இது?”

“உள்ள கீறது யாருக்குத் தெரியும்க்கா? அதான் வெளிய அட்ரஸ் போட்டுக்கினேன்.”

பஸ்ஸே சிரித்தது. இந்திராணி சிரித்தாளா என்று சொல்ல முடியாது. அவள் முகத்தில் கண்கள் மட்டும்தான் வெளியே இருந்தன.

அவள் இப்படிக் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் அவளுடைய தம்பி சுனில். கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூருக்குப் பால் வண்டி ஓட்டியவன். அந்த ஆகஸ்டில் காய்ச்சல் வந்து பதினோராம் நாள் போய்விட்டான். கண்ணாடிக்கு அப்பால் நின்றுதான் அவள் பார்த்தாள். அதன் பிறகு இருபது நாள் விடுப்பு எடுத்தாள். திரும்பி வந்தபோது ‘மூக்கு, மூக்கு’ என்று வந்தாள். பயணிகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

2021 ஏப்ரல் 19, திங்கட்கிழமை, சித்திரை 6. மலையின் மூக்கு திறந்திருந்தது. இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ மூன்று நாட்களாகத் தெருத்தெருவாகத் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தது. இந்திராணியின் பஸ் 6.36க்கு வந்தது. 6.40க்குப் புறப்பட வேண்டும். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், கையில் துணிப்பையோடு, மாஸ்க் இல்லாமல் ஏறினாள்.

“மாஸ்கு எங்கம்மா?”

“அதான் இனி வாணான்னு சொல்லிட்டாங்களே.”

“யாரு சொன்னா உனக்கு?”

“ஊரெல்லாம் சொல்லிக்கினு போறாங்க, உனக்குத் தெரியாதா யக்கா?” என்று அந்த அம்மாள் முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் அது போதும். ஆனால் மூன்றாவது சீட்டில் இருந்த ஹரிபிரசாத், திருப்பதியில் ஒரு கல்லூரி குமாஸ்தா, எழுந்து நின்றுவிட்டார்.

“முந்தானை செல்லாதும்மா. இந்தம்மாவ இறக்குங்க. இல்லன்னா நாங்க இறங்கறோம். என் வூட்ல ரெண்டு பேரு படுத்துக்கினு கீறாங்க.”

“நீயே ஏன் வெளிய சுத்திக்கினு கீற அப்போ?” என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். பாதி பஸ் இறக்கு என்றது. பாதி பஸ் பாவம் என்றது. இறக்கு என்று சத்தம் போட்டவர்களிலும் இரண்டு பேருக்கு மாஸ்க் தாடையில்தான் இருந்தது. இந்திராணி அந்த அம்மாளின் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, “அடுத்த பஸ்ல வா. கடையில ஒண்ணு வாங்கி மாட்டிக்கினு வா” என்று சொல்லி, ரைட் கொடுத்துவிட்டாள்.

பஸ் நகர்ந்த பிறகுதான் அந்த அம்மாள் ஜன்னலோடு ஓடிக்கொண்டு சொன்னாள்: “எட்டு மணிக்கு அவருக்குப் பேச்சு போயிடும்மா! அதுக்குள்ள போவணும்!”

என் பையில் இரண்டு மாஸ்க் இருந்தன. நான் அப்போது குனிந்து, ‘புறப்பாடு 6.44, நான்கு நிமிடம் தாமதம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

அடுத்த பஸ் 7.35. அதுவரை அந்த அம்மாள் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்லியம்மா. புருஷன் வீராசாமி. இருவரும் இருபத்திரண்டு வருடம் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். ஊரடங்கில் சூளை மூடியதும் வீராசாமியின் ஊருக்குத் திரும்பி வந்திருந்தார்கள். அவருக்குத் தொண்டையில் புற்று. திருப்பதி ஆஸ்பத்திரியில் அன்று எட்டு மணிக்கு ஆபரேஷன். உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டு வர முந்தின நாள் ஊருக்கு வந்தவள், காலையில் அவர் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பியிருந்தாள்.

“மாஸ்கு வாணான்னு யாரும்மா சொன்னது?” என்று கேட்டேன்.

“மைக்ல சொன்னாங்களே நைனா. ‘மாஸ்கு தப்பு, இனி சரி’ன்னு. தப்புன்னு அவங்களே ஒத்துக்கினாங்க, இனிமே சரியாயிடும்னு நெனச்சி, இருந்த ஒண்ணையும் கொடியில போட்டுட்டு வந்துட்டேன்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. ஆட்டோவில் சொன்னது ‘மாஸ்கு தப்பனிசரி’. கட்டாயம் என்பதற்கான தெலுங்குச் சொல். இங்கேயே இருப்பவர்களுக்குத் தமிழும் அதுவும் ஒன்றுதான். சூளைப் புகையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவளுக்கு அது மூன்று தமிழ்ச் சொற்களாகக் கேட்டிருக்கிறது. நான் பொருளைச் சொன்னேன். ஒரு மாஸ்க்கும் கொடுத்தேன், பச்சை நிறம். அவள் அதைக் கட்டிக்கொண்டு, அடுத்த பஸ் வரும் வரை மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் இந்திராணியிடம் சொன்னேன். அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்போ போய்ச் சேந்துச்சா நைனா? எட்டுக்குள்ள?”

“7.35 பஸ் திருப்பதி போகவே எட்டு நாற்பது ஆகும்மா.”

“ஆபரேசன்லாம் சொன்ன டைமுக்கா நடக்குது? லேட் ஆயிருக்கும்” என்றாள். ஆகியிருக்கலாம் என்று நானும் சொன்னேன். தெரியாததை நான் எழுதுவதில்லை. அந்த வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

அந்தக் கேள்விக்குறியோடு அவள் ஒன்பது மாதம் பஸ்ஸில் போய்வந்தாள். டிக்கெட் கிழிக்கும்போதே செல்லியம்மாவின் முகத்தைத் தேடுவாள். எல்லா முகமும் மூடியிருக்கும். மாஸ்க் தாடையில் இருப்பவரைக் கண்டால், திட்டுவதற்கு முன் ஒரு கணம் ஆசையாகப் பார்ப்பாள், பிறகு திட்டுவாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசித் திருமலையிலிருந்து இறங்கி வரும் கூட்டத்தில் நெற்றியும் கண்ணுமாக நூறு பேர் வருவார்கள். அதில் எதுவும் அந்த முகம் இல்லை.

கனவில் பஸ் வரும் என்றாள். எல்லோரும் மாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார்களாம். சுனிலும் இருப்பானாம், ஜன்னல் ஓரத்தில். அவள் ஒவ்வொருவராக மாஸ்க்கைக் கழற்றிப் பார்ப்பாளாம். உள்ளே வெறும் மேகம். கையை விட்டால் ஈரமாக இருக்குமாம். பின்சீட்டுக்குப் போவதற்குள் பஸ் மலைக்குள் நுழைந்துவிடும்.

“டிரைவர் யாரு?” என்று கேட்டேன், பதிவுக்காக.

“டிரைவரே இல்ல நைனா. பஸ்ஸு தானா போவுது. சத்தமே இல்ல.”

2022 ஜனவரி 24, திங்கட்கிழமை, தை 11. மூன்றாவது அலை. மறுபடியும் மாஸ்க், மறுபடியும் அபராதம். மலையின் மூக்கு மூடியிருந்தது. மூக்கு என்ன, மலையே இல்லை. பஸ் நிலையத்தின் எதிர்ப்பக்கத்துக் கடைகள்கூடப் பனிக்குள் விளக்குகளாக மட்டும் மிதந்தன. ஆட்கள் திடீரென்று உருவாகி வந்தார்கள், நாலடி நடந்து கரைந்து போனார்கள். இந்திராணியின் பஸ் 6.38க்கு வந்தது.

பின்சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மூக்கும் வாயும் திறந்திருந்தன. வெள்ளைத் துணி ஒன்று கழுத்தில் கட்டியிருந்தது.

“பெரியவரே, மூக்கு!”

அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

“உங்களத்தான்! மாஸ்கு கழுத்துக்கா குடுத்தாங்க? மேல ஏத்துங்க!”

“சொன்னா காதுல வாங்கறாரா பாரு. திமிரு” என்றார் பக்கத்தில் ஒருவர். “ஏத்துய்யா, உன்னால எங்களுக்குத் தொத்தும்” என்றார் இன்னொருவர். பெரியவர் கையை உயர்த்திக் கழுத்துத் துணியைப் பொத்திக்கொண்டார். இந்திராணி குனிந்து அந்தத் துணியை மேலே இழுக்கக் கை நீட்டினாள்.

“தொடாத!”

பெரியவருக்குப் பக்கத்தில் பச்சை மாஸ்க்கோடு அதுவரை பேசாமல் இருந்த அம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். மூச்சு வாங்கியது. மாஸ்க்கைக் கீழே இறக்கிக்கொண்டு சொன்னாள்:

“அவருக்கு மூக்கு அங்கதான்மா கீது. தொண்டையில ஓட்டை போட்டு வச்சிருக்காங்க. அது வழியாத்தான் மூச்சு. அதுக்குத்தான் துணி. போலீசுகாரனும் இதையே கேக்கறான், நீயும் இதையே கேக்கற.”

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். இந்திராணியின் முகத்தில் தெரிந்த பாதி வெளுத்ததைப் பார்த்தேன். அவள் தேடிய முகம் இரண்டு அடி தூரத்தில் இருந்தது. அந்த முகத்தில் மாஸ்க் இருக்கக்கூடும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அன்று மாலை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பின்சீட்டுப் பச்சை மாஸ்க், ஏழு திங்கட்கிழமைகளில் இருந்திருக்கிறது. ஏழு முறையும் ‘சரியாக அணிந்தவர்’ என்ற இடத்தில் எழுதியிருக்கிறேன். என் கையால் கொடுத்த மாஸ்க்கின் நிறம் அது.

“நான்தான்” என்றாள் இந்திராணி.

“தெரியும். உன் குரல மறப்பனா? மருந்து வாங்க இந்தப் பஸ்ல நான் மட்டும் வந்துக்கினுதான் கீறேன்.”

“சொல்லவேயில்லையே நீ?”

“இன்னாத்த சொல்றது? நீதான் மூக்கு மூக்குன்னு ஓடிக்கினே கீற.”

இந்திராணி தன் மாஸ்க்கைக் கழற்றினாள். அந்தப் பஸ்ஸில் அவள் வாயையும் மூக்கையும் யாரும் ஒன்றரை வருடமாகப் பார்த்ததில்லை. யாரும் ஏன் கழற்றினாய் என்று கேட்கவில்லை. “எட்டுக்குள்ள போய்ச் சேந்தியாம்மா? அவரு பேசினத கேட்டியா?” என்றாள்.

செல்லியம்மா இல்லை என்று தலையாட்டினாள். “நான் போவும்போது உள்ள கூட்டிக்கினு பூட்டாங்க. போவும்போது நர்சம்மாகிட்ட இன்னாவோ சொல்லிட்டுப் போனாராம். அது மலையாளத்துப் பொண்ணு. நம்ம பேச்சு அதுக்குப் பிடிபடல. இன்னா சொன்னாரோ, இன்னா சொன்னாரோன்னு நானும் நாலு மாசம் அழுதேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இவரு வாய அசைக்கறது பார்த்துப் பார்த்து எனக்குப் படிக்க வந்துச்சு. ஒரு நாள் கேட்டேன். கன்னுக்குட்டிக்குத் தண்ணி வச்சியான்னு கேட்டாராம்.” அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “வச்சிட்டுத்தான்யா வந்தேன். அதுக்கா இந்தப் பாடு?”

வீராசாமியின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பு. துணி உப்பி உப்பி அடங்கியது.

இந்திராணி சிரிக்கவில்லை. பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தப்பு பண்ணிட்டேன் பெரியவரே. மாஸ்கு இல்லன்னு இவங்கள இறக்கிவுட்டேன். கடைசிப் பேச்சு, அது என்னால...” என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உதடுகளை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அசைத்தார். பஸ் முழுவதும் அந்த உதடுகளையே பார்த்தது. அங்கே சுற்றியிருந்த பயணிகளுக்கெல்லாம் வாய் மூடியிருந்தது. அவருக்குத் திறந்திருந்தது.

“இன்னா சொல்றாரு?” என்றாள் இந்திராணி.

செல்லியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க வூட்ல இதே வேலைதான் இவருக்கு. குழம்புல உப்பு அதிகமானாலும் இதான், குடத்த ஒடச்சாலும் இதான். என்னைக் கிண்டல் பண்றதுக்குன்னே.”

“இன்னான்னு சொல்லும்மா.”

“தப்பு, இனி சரின்றாரு.”

டிரைவர் ஹாரன் அடித்தார். இந்திராணி மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு, முன்னால் போய், ரைட் கொடுத்தாள். பஸ் பனிக்குள் போய்க் கரைந்தது. பின்விளக்கு மட்டும் சிறிது நேரம் சிவப்பாக நின்றது.

புறப்பாடு 6.51, பதினொரு நிமிடம் தாமதம். ஏப்ரல் 19க்கு எதிரே இருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டு ‘சேரவில்லை, உயிரோடு இருக்கிறார்’ என்று எழுதினேன். அன்றைய தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு தமிழ் எழுத்தில் தெலுங்குச் சொல்லை எழுதினேன்: தப்பனிசரி.